இராக்கம்மாவைக் கேட்கவில்லை

இராக்கம்மா வளையத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் வீட்டு அடுப்படி வாசலில் குந்தியிருந்து, இனாமல் கோப்பையில் வெந்நீர் ஊற்றி, சவர்க்காரத்தை விரலில் குழைத்து, உள்வட்டம் வெளிவட்டம் என்று சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன விரல்கள். அந்தக் கறை எதற்கும் போகாது. வளையம் மட்டும் பளிச்சென்று இருந்தது. கண்ணாடி வளையல் அளவு, சுண்டுவிரல் பருமன், அழுத்தினால் மடியும். இறங்கிவிட்ட கருப்பை வெளியே வராமல் தாங்குவதற்காக உள்ளே வைப்பது.

“நல்லா அலசு. சவுக்காரம் ஒட்டியிருந்தா எரியும்” என்றேன்.

“பத்து மாசமா கழுவுறேன் மிஸ்ஸி. எங்க வீட்டுத் தட்டக்கூட நான் இப்படிக் கழுவினதில்ல.”

சுத்தமான துணியில் துடைத்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் பாலில்லாத சாயத்தண்ணி ஊற்றி முடிப்பதற்குள் வந்துவிட்டாள். முதல் மாதம் அரைமணி நேரம் எடுத்தது. அப்போது கதவுக்கு வெளியே நின்று நான் சொல்லிக்கொடுக்க, உள்ளேயிருந்து அவள் என்னையும் வளையத்தையும் அதைக் கண்டுபிடித்தவனையும் சேர்த்துத் திட்டினாள்.

“மத்தியானம் கூட்டத்துக்கு வாறீங்களா?” என்று கேட்டாள். “என்னைப் பேசச் சொல்றாங்க.”

“என்ன பேசப் போற?”

“ஒண்ணும் பேச மாட்டேன். அரைநாள் சம்பளத்தோட கதிரையில உக்காரச் சொன்னா கசக்குதா?”

இது நடந்து மூன்று வருடமாகிறது. கார்த்திகை மாதம், நல்ல மழை. இப்போது அவள் வெலிமடையில் மகள் வீட்டில் இருக்கிறாள். நான் முழங்கால் விட்டுப்போய்ப் பதுளையில் தங்கை மகளோடு இருக்கிறேன். உன்னைப் பற்றி எழுதப்போகிறேன் என்று போன மாதம் தொலைபேசியில் சொன்னபோது, “பேரப் போட்டே எழுதுங்க. நான் அழுதேன்னு மட்டும் எழுதிறாதீங்க” என்றாள். அழவில்லை, அதனால் எழுதுவதில் சிரமமில்லை. தோட்டத்தின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். பசறைக்கு மேலே ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் நான் மருத்துவிச்சி. முதன்முதல் அங்கே போய் இறங்கியபோது இராக்கம்மாவுக்கு ஏழு வயது. திரிபோஷ சத்துமா கொடுக்கும் நாளில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பாள். தன் பங்கை வாங்கிக்கொண்டு, கொட்டாவி விடும் தம்பியைக் காட்டி, “இவனுக்குப் பசிக்குது, இவனுக்கும் போடுங்க” என்பாள். தம்பி நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை என்பது அவன் வயிற்றைப் பார்த்தாலே தெரியும். நான் போட்டுவிடுவேன்.

நான் வேலை பார்த்த டிஸ்பென்சரியை இப்போது இடித்துவிட்டார்கள். சிவப்புச் சீமெந்துத் தரை, வெள்ளிக்கிழமைகளில் பலா மரக் கிளையில் தொங்கும் தராசு, அதில் கால் உதறும் குழந்தைகள், பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து நாள் முழுக்க வரும் வாடிய கொழுந்தின் மணம். டெட்டோல் வாசனையையும் மீறி அந்த மணம்தான் என் சேலையில் இருக்கும். சாயந்தரம் தராசடியில் கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் குறுக்குப்பாதையில் இறங்கி வரும்போது, முகம் தெரிவதற்கு முன்னாலேயே சிரிப்புக் கேட்கும். யார் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. ஆனால் நடுவில் இராக்கம்மா வருகிறாள் என்று தெரியும். பதுளை டவுனில் இப்போது எனக்கு எல்லா வசதியும் உண்டு, பக்கத்திலேயே மருந்துக்கடை. அந்த நேரமானால் மட்டும் காது தானாக வெளியே போகிறது.

பதினாறு வயதில் அவள் கொழுந்து எடுக்க மலைக்குப் போனாள். இருபதில் தம்பையாவைக் கட்டினாள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், அதிகம் பேசாதவன், அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதே பொழுதுபோக்காக வைத்திருந்தவன். இரண்டு பிரசவமும் என் கையில்தான். மூத்தது மகள், அடுத்தது மகன். மகன் பிறந்து மூன்றாம் மாதம்தான் நான் சொல்ல வேண்டிய அந்தக் காரியம் நடந்தது.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு. இனிப் பிள்ளை பிறக்காமலிருக்கச் செய்யும் அறுவைச் சிகிச்சைக்குத் தோட்டத்திலிருந்து ஆள் அனுப்பச் சொன்னார்கள். லொறி நிற்கிறது, பதினொரு பெண்கள் வேண்டும். படிவத்தில் புருஷன் கையெழுத்துக்கு ஓர் இடம். தம்பையா மலையில் கவ்வாத்தில் இருந்தான். கங்காணி படிவத்தைக் கொண்டுபோக, அவன் கவ்வாத்துக் கத்தியின் அலகை அடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தானாம். கீழே வந்த தாளில் அவள் பெயர், வயது, பிள்ளைகள் எத்தனை என்று நான் நிரப்பினேன். சம்மதமா என்ற இடத்தில் ஆம் என்று எழுதியவளும் நான்தான். வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளை மடுவத்தில் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளை, “வா, லொறியில ஏறு, டாக்டர் பாக்கணுமாம்” என்று கூப்பிட்டேன். அந்தக் காலத்தில் யாரையும் கேட்பதில்லை. அது விளக்கம்தான். காரணமாக அதைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் கட்டு மாற்றும்போது கேட்டாள்.

“இனிப் புள்ள பொறக்காதா மிஸ்ஸி?”

“பொறக்காது.”

“எனக்கு மூணு வேணும்னு இருந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னாள். அதன்பின் எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. பாதையில் எதிரே வந்தால் தேயிலையைப் பார்த்துக்கொண்டு போவாள். அறுவைச் சிகிச்சை முடிந்த பன்னிரண்டாம் நாளே மலைக்குப் போய்விட்டாள். ஒருநாள் பிள்ளை மடுவத்தில் ஒரு குழந்தை மேல் வெந்நீர் கொட்டிவிட்டது. பசறை ஆஸ்பத்திரிக்கு லொறியில் போனோம். குழந்தையை என் மடியில் வைத்து நான் மருந்துத் துணியைப் பிடிக்க, வழியில் ஓடி வந்து ஏறிக்கொண்டவள் இவள்தான். வளைவில் லொறி சாய்ந்தபோது, “கையப் புடிங்க மிஸ்ஸி” என்றாள். பிடித்தேன். மறுநாளிலிருந்து பேசினாள். அவளைக் கேட்காமல் ஆம் என்று எழுதியதற்கு நான் மன்னிப்புக் கேட்டது பிறகு பல வருடம் கழித்து. “அத விடுங்க, உங்க சாயத்தண்ணியில சீனி பத்தல” என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

நான் ஓய்வு பெற்று, தோட்டத்துக்குக் கீழே ரோட்டோரம் சின்ன வீடு எடுத்தேன். பெண்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இராக்கம்மா ஒருநாள் வேலை விட்டு நேராக வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

“அடியில ஏதோ முட்ட மாதிரி இறங்குது மிஸ்ஸி.”

பார்த்தேன். எத்தனை நாளாக என்று கேட்டால் இரண்டு வருடமாம். மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கை இறுக்கிக் கட்டி, அதற்குள் பழைய துணியை மடித்து வைத்து அண்டை கொடுத்துக்கொண்டு இரண்டு வருடம் கொழுந்து சுமந்திருக்கிறாள். நன்றாகத் திட்டினேன். பிறகு பதுளைக்குக் கூட்டிப்போனேன். அறுவைச் சிகிச்சை செய்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அவள் வேண்டாம் என்றாள். அங்கே சிஸ்டராக இருந்த நஸ்மியாதான், “அப்படியெண்டா வளையம் வெச்சுப் பார்ப்போம்” என்று அளவெடுத்து வைத்துவிட்டாள்.

என் கருத்தைக் கேட்டால் அறுவைச் சிகிச்சைதான் நல்லது. பாரம் சுமக்கிற பெண்ணுக்கு வளையம் நெடுநாள் போதாது. மாதம் ஒரு தடவை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

“மூணு மாசம் பாரம் தூக்கக் கூடாதாம். அதுக்குள்ள என் நிரையில வேற ஆள் நிப்பா” என்பாள். நிரை என்றால் ஒவ்வொருத்தியும் கொழுந்து எடுக்கும் வரிசை. எட்டாம் நம்பர் மலையில் தண்ணீர் ஓடைக்குப் பக்கத்து நிரை அவளுடையது.

“நிரை போனா இன்னொரு நிரை. ஒடம்பு போனா?”

“நிரைக்காக மட்டும் சொல்லல மிஸ்ஸி. ஒரு தடவ என்னைக் கேக்காம வெட்டினாங்க. இந்தத் தடவ எப்பன்னு நான் சொல்றேன்.”

நான் எழுந்து சாயத்தண்ணி ஊற்றப் போவேன்.

அந்தக் கூட்டம் ஏன் வந்தது என்றால், டவுனிலிருந்து யாரோ வந்து தோட்டத்துப் பெண்களின் கருப்பை நோய் பற்றி ஒரு வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். கொழும்பிலும் வெளிநாட்டிலும் அதைப் பார்த்தவர்கள் அழுது எழுதினார்களாம். ஒரு பெண்கள் சங்கம் பொது விவாதம் என்று ஏற்பாடு செய்தது. அதன் செயலாளர் ஞானேஸ்வரி டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் முப்பது வருடம் படிப்பித்தவர். நல்ல மனுஷி. பிள்ளைகளுக்கு அடிக்காத டீச்சர் என்று பெயர். தொழிற்சங்கத்தின் சார்பில் புவனேந்திரன். அவரிடம் இராக்கம்மாவின் சுகவீனத்தைச் சொல்லி வைத்தவன் தம்பையா. அவனுக்குப் பயம். பெண்சாதி செத்துப்போவாள் என்று இரண்டு வருடமாகத் தூக்கமில்லை, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சங்கத்துக்காரரிடம் சொல்லிவிட்டான்.

தோட்டத்து மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் நான்கைந்து ஆண்கள், மற்றதெல்லாம் பெண்கள், ஈரப் படங்கோடு வந்தவர்கள் பாதி. எனக்கு இராக்கம்மா பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள். கூட்டம் தொடங்குமுன்னே ஒரு தாள் வரிசை வரிசையாக வந்தது. தோட்டத்தில் வேலை நேரத்தில் கூட்டம் என்றால் இப்படி ஒரு தாள் வரும். கையெழுத்துப் போட்டால்தான் அரைநாள் விழும். அதனால் தாள் வந்தால் வாசிக்கிற வழக்கம் இல்லை, போடுகிற வழக்கம்தான். ஒருத்தி போட்டு அடுத்தவளுக்குத் தள்ளிவிடுவாள். அன்று முதலில் போட்டவள் இராக்கம்மா. என்னிடமும் நீட்டினார்கள். எனக்கு ஏது அரைநாள்? “கடைசியில நீங்களும் ஒண்ணு போட்டு வைங்க மிஸ்ஸி” என்றார் புவனேந்திரன். மூக்குக்கண்ணாடி பையில் இருந்தது. எடுக்கச் சோம்பி அப்படியே போட்டேன்.

பேச்சு தொடங்கியது. ஞானேஸ்வரி டீச்சர் வீடியோவில் வந்த ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார். சொல்லும்போதே குரல் உடைந்தது. மேல் லயத்து வீடுகளில் இருக்கும் சுதர்ஷினி முதலில் விம்மினாள், பிறகு அந்த வரிசையே விம்மியது. அடுத்து புவனேந்திரன் எழுந்தார்.

“தாயின் கருப்பை ஒரு கோயில்! அந்தக் கோயில் இன்னைக்கு இடிஞ்சு விழுது! நாம பாத்துக்கிட்டு இருக்கோம்!”

“கோயில்னா செருப்பக் கழட்டிட்டு, கேட்டுட்டுல்ல உள்ள வரணும்” என்றாள் இராக்கம்மா.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் மெதுவாகச் சொல்வது பக்கத்து மலைக்கும் கேட்கும். பின்னால் மூன்று வரிசை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

“அக்கா, இது சிரிக்கிற விஷயமில்ல.”

“நான் எங்கங்க சிரிச்சேன்? சிரிக்கிறது அவுங்க.”

சுதர்ஷினி மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். “இராக்கிக்குக் கல்லு மனசு. ஊரே அழுகுது, இவளுக்கு ஒரு சொட்டு வருதா பாரு.”

“எனக்கு வந்தா நான் வீட்டுல போய் அழுதுக்குறேன்டி. நீ சிந்துறத என் மேல படாமச் சிந்து.”

பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போகவில்லை. சளி என்று தொண்டையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ஞானேஸ்வரி டீச்சர் மேடையிலிருந்தே அவளைப் பார்த்து, “பயப்பிடாதேங்கோ அக்கா, உங்கட கண்ணீர் எங்களுக்கு விளங்குது” என்றார். இல்லாத கண்ணீருக்கு இவள் தலையை ஆட்டினாள்.

கடைசியில் டீச்சர் ஒரு தாளை எடுத்தார். எனக்கு அடையாளம் தெரிந்தது. வரிசையில் வந்த அதே தாள்.

“ஒரு பெரிய சந்தோசமான விசயம்” என்றார். “ஒரு நல்ல மனுசர் பத்துப் பேரின்ர ஒப்பரேசன் செலவை ஏற்கிறன் எண்டு சொல்லியிருக்கிறார். இந்த மண்டபத்தில இருந்து இருபத்தேழு தாய்மார் கருப்பை ஒப்பரேசனுக்குத் துணிஞ்சு சம்மதம் தந்திருக்கினம். அந்தத் துணிவுக்கு மரியாதையா பெயர்களை வாசிக்கிறன்.”

கைதட்டல். பெண்களும் தட்டினார்கள், யார் அந்தத் துணிந்தவர்கள் என்று பார்க்க எட்டிப் பார்த்துக்கொண்டே.

“இராக்கம்மா.”

பக்கத்தில் அவள் தட்டிக்கொண்டிருந்த கையை இறக்கினாள். அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலையிலிருந்து “ஐயோ!” என்று சத்தம். பிள்ளை மடுவத்தில் வேலை செய்யும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் பெயரும் வந்தது. தை மாதம் அவளுக்குக் கல்யாணம். அவள் அம்மா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளையே பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்.

“அஜந்தன்.”

மண்டபம் அமைதியானது. டீச்சரும் நிறுத்தினார். தண்ணீர்ப் பீலி திருத்துகிற அஜந்தன் கதவோரம் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தான். மீசையைத் தடவிக்கொண்டு கையைத் தூக்கினான்.

“நான்தான் டீச்சர். அரைநாள் வரவுன்னு நெனச்சுப் போட்டேன்.”

பிறகு எழுந்த சிரிப்பை நான் இன்றுவரை மறக்கவில்லை. “அஜந்தா, கட்டில் போட்டாச்சு, போய்ப் படுடா!” என்று ஒருத்தி. “எத்தன பிரசவம்னு கேளுங்க!” என்று இன்னொருத்தி. சிரிப்பு ஓயும்போது கோபம் வந்தது. அந்த அம்மா, “என் மக பேர வாசிச்சீங்களே, மாப்புள வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?” என்று கத்தினாள். எல்லாரும் தங்கள் பெயரை வெட்டச் சொன்னார்கள். டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. தாளின் மேலே எழுதித்தானே இருக்கிறது, வாசித்துத்தான் போடுவார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. தெரிந்த நான் கண்ணாடி போடாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்று ஆம் என்று எழுதியதையும் சேர்த்தால் இது இரண்டாவது தவறு.

புவனேந்திரன் பேனாவை எடுத்துப் பெயர்களை வெட்டத் தொடங்கினார். முதல் பெயரை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து வெட்டினார்.

இராக்கம்மா எழுந்தாள். “என் பேரு?”

“அக்கா, உங்களுக்கு உண்மையாவே ஒடம்புல வருத்தம் இருக்குதானே. உங்க பேரு இருக்கட்டும்.”

“எனக்கு வருத்தம் இருக்கு. நான் சம்மதம்னு சொன்னேனா?”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்.”

“என் நல்லது எனக்குத் தெரியாதா? என் புருஷன்கிட்டக் கேட்டீங்க. சங்கத்துல கேட்டீங்க. வெளிநாட்டுல கேட்டீங்க. என்னை ஒருத்தராவது கேட்டீங்களா?” குரல் ஏறிவிட்டது.

“உணர்ச்சிவசப்படாதீங்க அக்கா. அமைதியாப் பேசுவோம்.”

“ஒரு மணி நேரமா நீங்கல்லாம் அழுதீங்க, நான் ஒரு வார்த்த சொன்னேனா? நீங்க அழுதா நியாயம், நான் கத்தினா மட்டும் வசப்படுறதா?”

அப்போது முன்வரிசையிலிருந்து தம்பையா எழுந்தான். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, “கூட்டிட்டுப் போங்க சார். நான் கையெழுத்துப் போட்டுத் தாறேன்” என்றான். கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. கண் கலங்கியிருந்தது.

இராக்கம்மா அவனைப் பார்த்தாள். கோபமெல்லாம் இறங்கி, குரலும் இறங்கி, “நீங்க ஒரு தடவ போட்டுட்டீங்க. போதும், உக்காருங்க” என்றாள். அவன் உட்கார்ந்தான்.

புவனேந்திரன் என் பக்கம் திரும்பினார். “மிஸ்ஸி, நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க. ஆபரேஷன் அவுங்களுக்கு நல்லதா, இல்லையா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இராக்கம்மா பார்க்கவில்லை. மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நல்லதுதான்” என்றேன். “ஆனா அவ வேணாம்னு சொல்றா. அவ பேர வெட்டுங்க. என் கையெழுத்தையும் வெட்டுங்க, வாசிக்காமப் போட்டேன். அப்புறம், பரிசோதிக்காம ஆபரேஷனுக்கு ஆள் சேக்கிறது எந்த ஊர் வைத்தியம்? மொதல்ல டாக்டர் பாக்கணும். அதுக்கும் முந்தி அவுங்கவுங்களக் கேக்கணும்.”

பெயரை வெட்டினார்கள். அவளே பேனாவை வாங்கி இன்னொரு கோடு போட்டாள், கறுப்பாக, தாள் கிழிகிற மாதிரி.

கூட்டம் கலைந்தபின் ஞானேஸ்வரி டீச்சர் கதிரையிலேயே இருந்தார். இராக்கம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும்.

“நான் பிழை விட்டிட்டன் அக்கா” என்றார் டீச்சர். “நாளைக்குக் காலமை பெயர் அனுப்பாட்டி அந்த மனுசர் வேற இடத்துக்குக் குடுத்திடுவார். உண்மையாத் தேவையான ஆக்களும் இருப்பினம். அவையளை நான் இனி எப்பிடிக் கேக்கிறது? இனி ஆர் சொல்லுவினம்?”

“மண்டபத்துல கேட்டா யாரு சொல்லுவா?” என்றாள் இராக்கம்மா. “ஆம்பளைங்க இருக்காங்க, கங்காணி இருக்காரு. காலைல பெரட்டுக்கு முன்ன புள்ளைங்களக் கொண்டுவந்து விடுவாங்க. புள்ள மடுவத்துல பின்னால ஒரு காம்பரா இருக்கு. ஒவ்வொருத்தியா வரட்டும், மிஸ்ஸி கேக்கட்டும். நான் கதவுல நிக்கிறேன்.” பிறகு டீச்சரின் கையைத் தட்டி, “நீங்க வேணாம் டீச்சர், உங்களப் பாத்தா எல்லாருக்கும் அழுக வந்துரும்” என்றாள். டீச்சர் சிரித்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு நான் பிள்ளை மடுவத்தில் இருந்தேன். மழை விட்டு மூடுபனி. பெண்கள் குழந்தைகளை விட்டுவிட்டு, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்துக்குப் போகும் நேரம். பின்னறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை, என் மூக்குக்கண்ணாடி மூக்கில். கதவில் இராக்கம்மா படங்கு கட்டித் தயாராக நின்றாள். ஒருத்தி உள்ளே இருக்கும்போது இன்னொருத்தியை வாசலை அண்ட விடவில்லை. “தள்ளி நில்லுடி, காது நீளமா இருக்கு ஒனக்கு” என்று கேட்டது.

எல்லாரிடமும் ஒரே மூன்று கேள்விதான். கஷ்டம் இருக்கா? டாக்டர் பார்க்க விருப்பமா? ஆபரேஷன் என்று சொன்னால் என்ன நினைப்பு? சிலர் ஒன்றுமில்லை என்று உடனே எழுந்தார்கள். சிலர் டாக்டரைப் பார்க்கலாம், மற்றது பிறகு என்றார்கள். அவ்வளவு அழுத சுதர்ஷினிக்கு ஒரு கோளாறும் இல்லை. “டீச்சர் சொன்ன விதத்துல வந்துருச்சு மிஸ்ஸி” என்றாள் வெட்கப்பட்டு. கூட்டத்துக்கே வராமல் புல்லு வெட்டிக்கொண்டிருந்த விஜயலெட்சுமி எப்படியோ கேள்விப்பட்டு வந்தாள். பத்து நிமிடம் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். நாலு வருடமாம். “எனக்கு வேணும். எடுத்துருங்க. யாரையும் கேக்க வேணாம், எனக்கு வேணும்” என்றாள். அப்படியே எழுதினேன்.

கடைசியாக இராக்கம்மாவை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

“என்னையுமா?”

“எல்லாரையும் கேட்டேன்ல.”

உட்கார்ந்தாள். மூன்று கேள்வியையும் மற்றவர்களிடம் கேட்ட மாதிரியே கேட்டேன். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு, டாக்டரிடம் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். கஷ்டம் இருக்கிறது, வளையம் தாங்குகிறது, டாக்டரை வழக்கம்போல மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பாள், ஆபரேஷன் இப்போது வேண்டாம், வேண்டும்போது அவளே சொல்வாள்.

எழுதினதை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன்.

“‘இப்ப’ங்கிறத விட்டுட்டீங்க.”

சேர்த்து எழுதினேன். தாளை வாங்கித் தானும் ஒருமுறை எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். வெளியே சங்கு ஊதியது. “ஐயோ, பெரட்டு!” என்று கொழுந்துப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு குறுக்குப்பாதையில் ஏறினாள்.

நான் ஆபரேஷன் வேண்டும் என்று தாங்களே சொன்னவர்களின் பெயர்களை மட்டும் ஒரு புதுத் தாளில் எழுதி, வளைவில் ஆட்டோவில் காத்திருந்த ஞானேஸ்வரி டீச்சரிடம் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்தார்.

“ஆறு பேர்தானே இருக்கு?”

“ஆறு பேர்தான்.”

தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஆட்டோக்காரரிடம் பதுளைக்குப் போகச் சொன்னார். விஜயலெட்சுமியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக நான் எட்டரை பஸ்ஸுக்கு நின்றேன்.